சின்ன மாப்பிள்ளையும் சிவப்பு நெளிகோடும்

"உலகத்துல பழுதான கம்ப்யூட்டர்னு ஒண்ணு கிடையவே கிடையாது மாமா. அதைப் பழுதாக்கின சகலைன்னு ஒருத்தர்தான் உண்டு."

சின்ன மாப்பிள்ளை இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தபோது மணி பதினொன்று. மாமனார் பத்து ஐம்பத்தொன்பதுக்கு அடித்த 'கம்பிவடம்' என்ற சொல்லின் கடைசி எழுத்து அப்போதும் திரைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

மாமனார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். காத்திருந்து பழகியவர். முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வந்துடுச்சு," என்றார். கடைசி எழுத்து வந்திருந்தது. "இப்ப ஸ்பெல் செக் யோசிக்கும். அதுக்குள்ள நான் போய் ரெண்டு தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடுவேன். நீளமான வார்த்தைன்னா மூணு தொட்டி."

"வாங்கின நாள்லேருந்தே இப்படியா மாமா?"

"இல்லயே. நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. ஆளுங்க பேருக்கெல்லாம் அடியில சிவப்புக் கோடு வருதேன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெரிய மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். வந்து உட்கார்ந்து என்னமோ பண்ணினார். பேருக்கடியில வந்த கோடு போயிடுச்சு. வேகமும் போயிடுச்சு."

பெரிய மாப்பிள்ளை பல் டாக்டர். சின்ன மாப்பிள்ளையோ ஒரு பெரிய அலுவலகத்தின் கணினி உதவிப் பிரிவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். இரண்டையும் ஒப்பிட்டு அவர் முகத்தில் ஒரு புன்னகை எழுந்தது. "பல்லைப் பிடுங்குறவர் இதைத் தொட்டா வேற என்ன ஆகும்?"

"ஏங்க," என்றாள் மனைவி. மூட மறுத்த நீலப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அதை மூடிக்கொண்டிருந்தாள். "நாலு இருபதுக்கு ரயில். மூணரைக்கு இங்கேருந்து கிளம்பியாகணும். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை கிடைப்பது இதுவே முதல் முறை. மூன்று நாள். கடலைப் பார்த்த ஜன்னல் வைத்த அறை. இதற்காகச் சின்ன மாப்பிள்ளை தன் மேலாளரிடம் இல்லாத தாத்தா ஒருவரைப் படுக்கையில் தள்ளியிருந்தார். வழியில் மனைவியின் பிறந்த வீட்டில் மதியச் சாப்பாடு. அங்கிருந்து நேராக ரயில். அவ்வளவுதான் திட்டம்.

"பத்தே நிமிஷம்," என்றார்.

சமையலறை வாசலில் தட்டைத் துடைத்தபடி நின்ற மாமியார் மெல்ல வாய் திறந்தார். "இருக்கட்டும் மாப்பிள்ளை. அவருக்கு என்ன இப்ப அவசரம்? மெதுவா எழுதட்டும். உடம்புக்கும் நல்லது."

"அவசரமில்லையா? ஒரே ஒரு லிஃப்ட்தான் பாக்கி!" என்றார் மாமனார்.

அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் பெயர் 'நான் ஏறி இறங்கிய லிஃப்டுகள்'. இதுவரை தொள்ளாயிரத்துச் சொச்சம் பக்கம். எந்த லிஃப்டையும் அவர் விடவில்லை. கதவின் சத்தம், கண்ணாடியின் கீறல், எந்த மாடியில் குலுங்கும், உள்ளே என்ன வாசம், எல்லாம் உண்டு. கடைசியாக மிஞ்சியது ஓர் ஐந்து மாடித் துணிக்கடை லிஃப்ட். இரண்டு வருடமாக அது மூன்றாம் மாடியிலேயே நின்றுகொண்டிருந்தது.

"எந்திரிங்க மாமா," என்று சொல்லி, சின்ன மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் ஒரு ரீஸ்டார்ட். இது சிகிச்சையல்ல, நாடி பிடிப்பது மட்டும்தான் என்று விளக்கமும் தந்தார். கணினி அணைந்தது. பிறகு கண் விழித்து, இரண்டு வருடமாக யாரும் தன்னிடம் கேட்காததால் சேர்த்து வைத்திருந்த அப்டேட்களையெல்லாம் இப்போதே போட்டுக்கொள்ளப் போவதாகவும், அணைத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது.

"மூணு சதவீதம்," என்றார் மாமனார், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

பன்னிரண்டு மணிக்கும் அவர் அதையே சொன்னார்.

"மாப்பிள்ளை, இது ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டிருக்கு," என்று திரையின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார். "உள்ளே ஆள் யாரும் இல்லையே?"

"நான்தான் இருக்கேன்," என்றாள் மகள், பெட்டியின் மேலிருந்து.

ஒரு மணிக்குக் கணினி எழுந்து வந்தது. முன்பைவிட மெதுவாக. இப்போது 'கம்பிவடம்' என்று அடித்தால் ஐந்து தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றலாம். மாமனாரிடம் இருந்தவையோ நான்கு தொட்டிகள்தான்.

"கவலைப்படாதீங்க. நோய் வெளியே வருதுன்னு அர்த்தம்." சின்ன மாப்பிள்ளை அமைப்புகளைத் திறந்து, அடிக்க அடிக்கப் பிழை பார்க்கும் வசதியை ஒரே அழுத்தில் நிறுத்தினார். "இப்ப அடிங்க மாமா."

மாமனார் அடித்தார். எழுத்துகள் விரலோடு விரலாக ஓடி வந்தன. சின்ன மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பெருமையுடன் பார்த்தார்.

"கோடு எங்கே?" என்றார் மாமனார், தப்பாக அடித்த ஒரு சொல்லைக் காட்டி.

"எது?"

"சிவப்புக் கோடு."

"அதை நிறுத்திட்டேன் மாமா. அதனாலதான் இந்த வேகம்."

மாமனாரின் முகம் மாறியது. முப்பத்து நான்கு வருடச் சேவை முதுகெலும்பில் எழுந்து நின்றது. "அதாவது, பரிசோதனையே இல்லாம ஓடுது."

"நீங்கதான் தப்பில்லாம எழுதுவீங்களே."

"எல்லா கட்டட முதலாளியும் இதைத்தான் சொல்வான்." அவர் எழுந்து உள்ளே போனார். மர அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் சங்கிலி கோத்த தகரப் பலகை ஒன்று இருந்தது. அதைக் கணினித் திரையின் மேல் மாட்டினார்.

'பழுது. ஏற வேண்டாம்.'

"கோடு வந்தாதான் இதைக் கழட்டுவேன்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

சின்ன மாப்பிள்ளை சாப்பிட்டார் என்பதைவிட விழுங்கினார் என்பதே சரி. மாமியார் பரிமாறிக்கொண்டே, "விட்டுடுங்களேன்," என்றார். "இப்பவே கிளம்பினா ஸ்டேஷன்ல நிம்மதியா உட்காரலாம்."

"அத்தை, இது என் தொழில். அரைகுறையா விட்டுட்டுப் போக நான் என்ன பல் டாக்டரா?"

மாமியார் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.

ஒன்றரை மணிக்குக் கோட்டை மீண்டும் உயிர்ப்பித்து, பலகையை நகர்த்தி, புது வழி ஒன்றைப் பிடித்தார். அடிக்க அடிக்கச் சோதிப்பதால்தானே தாமதம்? மொத்தப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் சோதித்து முடித்துவிட்டால் அப்புறம் சோதிக்க என்ன இருக்கிறது? பொத்தானை அழுத்தினார். முதல் பக்கத்திலேயே கணினி ஒரு சொல்லைப் பிடித்தது.

எதிரெடை. லிஃப்ட் பெட்டி மேலே போகும்போது மறுபக்கம் கீழே இறங்குகிற பெரிய இரும்புச் சுமை. கணினிக்கு அது தெரியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சொல்லைப் பரிந்துரைத்து, எல்லா இடத்திலும் மாற்றட்டுமா என்று கேட்டது. சின்ன மாப்பிள்ளையின் கண் அப்போது கடிகாரத்தில் இருந்தது. விரல் 'ஆம்' மீது இருந்தது.

மாமனார் பின்னால் வந்து நின்று உரக்கப் படித்தார்.

"எதிர்வீடு சரசரவென்று கீழே இறங்க, பெட்டி மேலே ஏறியது."



"எதிர்வீட்டின் எடை எழுநூறு கிலோ இருக்க வேண்டும் என்பது விதி," என்று அடுத்த வரியையும் படித்தார். "மாப்பிள்ளை, எதிர்வீட்டுல இருக்கிறவர் வக்கீல்."

"ஒரு நிமிஷம் மாமா. திருப்பி மாத்திடறேன்."

மாற்றினார். புத்தகம் முழுக்க இருந்த எதிர்வீடுகள் எல்லாம் எதிரெடைகளாயின. ஆயிரத்து நூற்று நாற்பது இடம். அதற்குக் கணினி எடுத்துக்கொண்டது இருபது நிமிடம். ஆனால், அந்தப் புத்தகத்தில் உண்மையிலேயே சில எதிர்வீடுகளும் இருந்திருக்கின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"எதிரெடையில் ஓர் அம்மாள் குடியிருந்தார்," என்று மாமனார் படித்தார். "தினமும் எதிரெடையின் வாசலைப் பெருக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்." கண்ணாடியைக் கழற்றினார். "சட்டப்படி அங்க யாரும் குடியிருக்கக் கூடாது. நசுங்கிடுவாங்க."

"யாருப்பா அந்த அம்மாள்?" என்றாள் மகள்.

"அது இப்ப முக்கியமில்ல," என்றார் மாமனார் அவசரமாக.

சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் சத்தமாகவே வைக்கப்பட்டது.

சின்ன மாப்பிள்ளை அன்று செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியத்தை அப்போது செய்தார். எதையும் சேமிக்காமல் மூடிவிட்டு, காலையில் இருந்த பிரதியைத் திறந்தார். எல்லாம் பழையபடி ஆயிற்று, காலையில் அவ்வளவு பாடுபட்டு வந்து சேர்ந்த 'கம்பிவடம்' தவிர.

மணி இரண்டே கால். நெற்றி வியர்த்தது. தன்மானத்தை விழுங்கிக்கொண்டு சகலைக்குப் போன் போட்டார்.

"வாயைத் திறங்க," என்றது மறுமுனை. "நல்லா. உங்களை இல்ல தம்பி, சொல்லுங்க."

"சகலை, மாமாவோட கம்ப்யூட்டர்ல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்ன பண்ணினீங்க?"

மறுமுனையில் இயந்திரம் ஒன்று சுழன்று நின்றது. "ஏன், இன்னும் மெதுவாத்தான் இருக்கா?"

"நத்தை வந்து இதைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போகுது."

"அப்பாடா!" என்று ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. "இங்க ஒருத்தருக்குப் பல்லு வந்துடுச்சு, அதைச் சொன்னேன். தம்பி, உங்களுக்கு ஏதோ ரயிலாமே? அதை அப்படியே விட்டுட்டுப் போய் ஏறுங்க."

"எப்படி விடறது? நான் இதுல தொழில் பண்றவன்."

"நானும் தொழில் பண்றவன்தான். ஆடுற பல்லையெல்லாம் பிடுங்கிடக் கூடாது தம்பி. சிலது ஆடிக்கிட்டே இருக்கிறதுதான் வாய்க்கு நல்லது."

சின்ன மாப்பிள்ளை போனை வைத்தார். "கம்ப்யூட்டரைப் பத்திக் கேட்டா பல்லைப் பத்திப் பேசறார். என்ன பண்ணினோம்னு அவருக்கே தெரியாது. தெரியாத கையில மவுஸைக் கொடுத்தா இதுதான் கதி."

ஆனால் ஒன்று மட்டும் அவர் மனதில் உறுத்தியது. எதிரெடை தெரியாத கணினிக்கு எதிர்வீடு எங்கிருந்து தோன்றியது? இன்னொரு சொல்லைத் தப்பாக அடித்துப் பார்த்தார். தையற்கடை என்றது. வேறொன்றை அடித்தார். மாடிப்போர்ஷன், பின்பக்க வாசல் என்றது. சொல் தேடும் இயந்திரம் போலவே இல்லை. வீடு தேடும் தரகர் போல இருந்தது.

ஸ்பெல் செக்கில் அவரவர் தங்கள் சொற்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொந்த அகராதி என்று ஒன்று உண்டு. சாதாரணமாக அதில் ஐம்பது சொல் இருக்கும். ஆர்வக்கோளாறு என்றால் இருநூறு. சின்ன மாப்பிள்ளை அதைத் திறந்தார்.

மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.

ஊரின் தொலைபேசிப் புத்தகம் முழுவதையும், ஒரு சந்தாதாரர் விடாமல், வீட்டு அடையாளங்களோடு உள்ளே கொட்டியிருந்தார் பல் டாக்டர். மாமனார் அடிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கணினி ஊரெல்லாம் போய்க் கதவைத் தட்டி, "இங்கே 'கம்பிவடம்' என்று யாராவது இருக்கிறார்களா?" என்று விசாரித்துவிட்டு வந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக.

சின்ன மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தார்.

"மாமா! அத்தை! எல்லாரும் வாங்க! நாலு பேர் பேருக்கடியில கோடு வருதுன்னு ஊரையே உள்ள வெச்சுப் பூட்டியிருக்கார் மனுஷன்! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை! இப்படி ஒரு காரியத்தைச் சுய நினைவுள்ள யாராவது செய்வாங்களா?"

மாமியார் நனைந்த கையோடு ஓடி வந்தார். "மாப்பிள்ளை, வேணாம், அதை மட்டும்..."

அழுத்தியாயிற்று. ஊர் காலியாயிற்று.

"அடிங்க மாமா!"

மாமனார் அடித்தார். சொல் வந்தது, கூடவே கோடும் வந்தது. தப்பான சொல்லுக்கடியில் சிவப்பு நெளிந்தது, சரியாக அடித்ததும் மறைந்தது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். ஆட்களின் பெயருக்கும் கோடு வரத்தான் செய்தது. ஆனால் அந்த வேகத்தில் சொக்கிப்போன மாமனாருக்கு அது குறையாகவே படவில்லை. பலகையைக் கழற்றித் தரையில் வைத்தார். மூன்றாம் மாடியில் நின்றிருந்த துணிக்கடை லிஃப்ட் நான்காவதுக்கு ஏறியது. ஐந்தாவதுக்கு ஏறியது. கதவு திறந்தது. மூன்று மணிக்கு அவர் 'முற்றும்' என்று அடித்தார்.

மாமியார் சுவரில் சாய்ந்து நின்றார். ஆனந்தக் கண்ணீர் என்று சின்ன மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை," என்று மாமனார் அவர் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "ரெண்டு வருஷமா மூத்தவரால முடியாததை நீங்க நாலு மணி நேரத்துல முடிச்சுட்டீங்க. இனி ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. சுமைச் சோதனை."

"அப்படின்னா?"

"லிஃப்டைக் கட்டி முடிச்சா போதுமா? ஊர் ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி முழுச் சுமையை ஏத்தி ஓட்டிப் பார்க்கணும். புத்தகமும் அப்படித்தான். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி முதல் எழுத்துலேருந்து கடைசி எழுத்து வரைக்கும் நான் உரக்க வாசிப்பேன். நீங்கள்லாம் எதிர்ல உட்காருவீங்க."

"நாங்க எதுக்கு மாமா?"

"நீங்கதான் சுமை."

சின்ன மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். மாமனாரின் முகத்தில் அதற்கு இடமில்லை.

"இப்ப தொள்ளாயிரத்தெட்டு பக்கம். ஒரு நாளைக்கு முன்னூறு. உங்களுக்கும் மூணு நாள் லீவு, எனக்கும் மூணு நாள் வேலை. என்ன பொருத்தம் பாருங்க! மிச்ச எட்டு பக்கத்தை நீங்க ஊருக்குக் கிளம்புறப்ப வாசல்ல நின்னே வாசிச்சுடறேன். கடல் எங்க போயிடப் போகுது? நேத்தும் அங்கதான் இருந்துச்சு." வாசலோரம் இருந்த நீலப் பெட்டியைத் தாமே தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்தார். பெட்டியின் மேல் இருந்த மகள் அதற்கு முன் இறக்கி வைக்கப்பட்டாள்.

"மாமா, ரயில்..."

"முதல் அத்தியாயத்துல ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் வரும். அதுல ஏறினீங்கன்னா ரயிலையே மறந்துடுவீங்க. நான் வெந்நீர்ல உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளிச்சுட்டு வரேன். அதுக்குள்ள முழுப் புத்தகத்துக்கும் கடைசியா ஒரு தடவை ஸ்பெல் செக் ஓட்டி வைங்க. பேருக்கெல்லாம் 'விட்டுவிடு'ன்னு அழுத்திக்கிட்டே போங்க. 'பிழை இல்லை'ன்னு அது சொல்லணும். சொல்லாம ஒரு வரிகூட வாசிக்க மாட்டேன். சான்றிதழ் இல்லாம ஆள் ஏத்தினவன்னு யாரும் என்னைச் சொல்லிடக் கூடாது."

போய்விட்டார். பின்கட்டிலிருந்து கொப்பளிக்கும் சத்தம் வந்தது. குரல் வளம் பெற்று வருவது கேட்டது.

மனைவி கணவனைப் பார்த்தாள். திட்டவில்லை. அழவில்லை. "ஏங்க, பதினோரு மாசம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

கணினி உதவிப் பிரிவின் நிபுணர் தனியாக உட்கார்ந்திருந்தார். மணி மூன்று பத்து. எதிரே, கண் சிமிட்டும் வேகத்தில் ஓடக்கூடிய ஒரு கணினி. இதே வேகத்தில் விட்டால், தொண்டை கொப்பளித்து முடிவதற்குள் அது 'பிழை இல்லை' என்று சொல்லிவிடும். பழைய வேகம் என்றால் பக்கத்துக்கு இருபது நிமிடம். தொள்ளாயிரத்தெட்டு பக்கம். விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டு நாளைக்கு மேல்.

கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கணினியின் குப்பைத்தொட்டியைத் திறந்தார்.

மூன்று லட்சத்து நாற்பதாயிரம் சந்தாதாரர்கள் அங்கே அமைதியாகப் படுத்திருந்தார்கள். ஒருவரையும் எழுப்பாமல் மொத்தமாக வெளியே எடுத்தார். சொந்த அகராதியைத் திறந்தார். உள்ளே அனுப்பும் வழி தெரியவில்லை. காலி செய்யும் பொத்தான்தான் பெரிதாகத் தெரிந்தது. ஒன்றைத் திறந்தார், வேறொன்று மூடிக்கொண்டது. இழுத்து விட்டுப் பார்த்தார். ஊர் திரும்பி வர மறுத்தது. கொப்பளிக்கும் சத்தம் நின்றுவிட்டது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கீபோர்டில் விழுந்தது.

தோளுக்குப் பின்னாலிருந்து ஈரக் கை ஒன்று நீண்டு, திரையின் வலது மூலையைத் தொட்டுக் காட்டியது.

"அதோ, 'சேர்'னு சின்னதா இருக்கு பாருங்க, அதை அழுத்துங்க," என்றார் மாமியார், குரலைத் தாழ்த்தி. "சீக்கிரம், ரயிலுக்கு நேரமாகுது. பெரிய மாப்பிள்ளைக்கு இதுக்கு ரெண்டே நிமிஷம்தான் ஆச்சு."